மெண்டியாங் ரோடு

“உயிரோட இருக்கிற மனுஷன சாகடிச்சு போர்டுல எழுதி வச்சிட்டு, வாயெல்லாம் பல்லா வந்து நிக்கிறியே, வெக்கமா இல்லையா சீனி ஒனக்கு?”

“அக்கா, நான் சொல்றத முழுசா கேளுங்கலா.”

“கேட்ட வரைக்கும் போதும். கழுத்துல கெடக்கிறது என்னான்னு பாரு. நெத்தியில என்னான்னு பாரு. இதோட நான் இங்க நிக்கிறேன், அங்க ரோட்டு மொனையில என் புருஷன் மெண்டியாங்.”

“அது மரியாதைக்குப் போட்டது அக்கா.”

“அப்ப ஒன் பேருக்கு முன்னாடி போட்டுக்க. போட்டு ஒன் பொண்டாட்டிக்கிட்ட காட்டு. அவ என்ன சொல்றான்னு வந்து எனக்குச் சொல்லு.”

குனோங் ராபாட்டில் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இப்படிச் சத்தம் கேட்டால் ஆளுக்கொரு வேலை வந்துவிடும். எதிர்வீட்டுக்காரர் துடைத்த காரையே மறுபடியும் துடைத்தார். மூன்றாவது வீட்டில் குப்பைத் தொட்டியை வெளியே வைத்தார்கள். குப்பை லாரி வருவது திங்கட்கிழமை. பக்கத்து வீட்டு கெர்ட்ரூட் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் பெய்த மழையில் தொட்டி ஏற்கெனவே தளும்பிக்கொண்டிருந்தது. அதனால் என்ன, எனக்குப் போதும் என்று செடி வாய் திறந்து சொல்லுமா. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பு உயரச் சுவர்தான். அவள் நின்ற இடத்திலிருந்து மங்களத்தின் மூக்கு துடிப்பதுகூடத் தெரிந்தது.

சண்டைக்குக் காரணமானவர் பனியனும் கைலியுமாக வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிச்சைமுத்து, வயது எழுபத்தாறு. இரண்டு தவணை சட்டமன்ற உறுப்பினர். அதற்குப் பின் புக்கிட் செராயா என்கிற சின்ன ஊருக்கு நான்கு வருடம் நகராண்மைக் கழகத் தலைவர். மேயர் என்ற பட்டம் மாநகரத்துக்குத்தான் உண்டு, புக்கிட் செராயாவுக்குக் கிடையாது. ஆனால் மங்களம் கல்யாண வீடுகளில் “எங்க வீட்டுக்காரர் மேயரா இருந்தப்போ” என்றுதான் ஆரம்பிப்பாள். அவர் ஒருநாளும் திருத்தியதில்லை. சட்டமன்ற உறுப்பினரை மலாய்க்காரர்கள் மரியாதையாக அழைக்கும் ‘வைபி’ பட்டமும் பதவியோடு போய்விட வேண்டியது. போய் இருபத்தைந்து வருடமாகியும் அந்த வரிசை வீடுகளில் அவர் வைபிதான். காய்கறி வண்டிக்காரச் சீனன்கூட “வைபி, சாயோர்” என்றுதான் ஹாரன் அடிப்பான்.

அவர் சீனியின் கைப்பேசியை வாங்கி, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து: ஜாலான் மெண்டியாங் பிச்சைமுத்து.

மலாயில் ஜாலான் என்றால் ரோடு, மெண்டியாங் என்றால் அமரர். முஸ்லிம் அல்லாத ஒருவர் கண்ணை மூடிய பிறகுதான் அந்தச் சொல் அவர் பெயருக்கு முன்னால் வந்து உட்காரும்.

“பேருல எழுத்துப் பிழை இல்ல,” என்றார் பிச்சைமுத்து.

மங்களம் திரும்பிப் பார்த்த பார்வையில் சீனி இரண்டு அடி பின்வாங்கினான். பார்வை அவனுக்கில்லை என்று பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

மனிதர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பொதுவாழ்வு முழுக்க அவர் பெயரை அரசாங்கம் ஒழுங்காக எழுதியதில்லை. முதல் தேர்தலில் வாக்குச் சீட்டில் ஓர் எழுத்துக் குறைந்தது. இரண்டாவது தேர்தலில் வேறோர் எழுத்து கூடியது. தலைவர் பதவியிலிருந்து விலக்கிய கடிதத்தில் ‘பிச்சைமுட்டு’ என்று இருந்தது. இதுதான் முதல் தடவை எல்லா எழுத்தும் அதனதன் இடத்தில். கூடுதலாக வந்தது அந்த ஒரு சொல் மட்டும்.

“சீனி,” என்று அமைதியாகக் கேட்டார், “மெண்டியாங்னு எதுக்குப்பா போட்ட?”

சீனி அவருடைய பழைய தொண்டன். தேர்தல் காலத்தில் பசை வாளியோடு கம்பத்துக்குக் கம்பம் ஏறியவன். லாரி ஓட்டி ஓய்வு பெற்று, இப்போது அந்தப் பலகை நிற்கிற புக்கிட் செராயா வீடமைப்புப் பகுதியில், அதாவது தாமானில், குடியிருப்போர் சங்கச் செயலாளர். அவன் சொன்ன விளக்கத்தைக் கெர்ட்ரூட் பிறகு வரிசையின் இரு கோடிவரை ஒரு சொல் குறையாமல் சேர்ப்பித்தாள்.

“பாரத்துல பட்டம்னு ஒரு கட்டம் இருந்துச்சு வைபி. முன்னாள் வைபின்னு போடணும். முன்னாளுக்கு மலாயில பெக்காஸ். ஆனா பெக்காஸ்னா டப்பாவுக்கும் அதான் சொல்லு. கறி வாங்கப் போனா பெக்காஸ் இருக்கான்னு கேக்கறான். ஒங்களப் போயி டப்பான்னு எழுத எனக்கு மனசு வரல. முன்னாளுக்கு இன்னொரு சொல்லு இருக்குமே, நியூஸ்ல சொல்வானே, ‘ம’வுல ஆரம்பிக்கும்னு யோசிச்சேன். மந்தானா, மெண்டியாங்கான்னு வந்துச்சு. பெரிய பெரிய ஆளுங்க பேருக்கெல்லாம், மண்டபத்துல, ஸ்கூல்ல, மெண்டியாங்னுதான் பாத்திருக்கேன். சரி, இதான் உசத்தின்னு…”

“அவங்கெல்லாம் செத்தவங்கடா,” என்றாள் மங்களம்.

“அது எனக்கு யாரும் சொல்லலயே அக்கா.”

கெர்ட்ரூட் குழாயை மூடினாள். இந்த இடத்தில் உள்ளே போய்விடுவதுதான் நல்லது என்று தோன்றியது. ஏனென்றால் அந்தப் பாரத்தைத் தட்டச்சு செய்தவள் அவள்தான்.

முப்பத்தொரு வருடம் கெர்ட்ரூட் குனோங் ராபாட்டிலிருந்து பஸ் பிடித்துப் போய் புக்கிட் செராயா கழகத்தில் சுருக்கெழுத்தாளராக வேலை பார்த்தவள். அந்த வட்டாரத்தில் யார் வீட்டுக்கு எத்தனை ஜன்னல், எதற்கு அனுமதி இல்லை என்பதெல்லாம் அவள் விரல் நுனியில். கணவர் லூயிஸ் போய்ப் பத்து வருடம், மகன் ஜோனதன் ஜொகூரில். ஆகவே நேரத்துக்குப் பஞ்சமில்லை. சீனி மூன்று மாதத்துக்கு முன் பாரத்தோடு வந்து, “வைபிக்குத் தெரிய வேணாம் அக்கா, சப்ரைஸு,” என்றபோது உடனே கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். மெண்டியாங் என்ற சொல்லில் அவள் விரல் நின்றது. சீனியின் அறியாமை ஒரு பக்கம் இருக்கட்டும். அவளுக்கு ஞாபகம் வந்தது வேறு.

பிச்சைமுத்து தலைவராக இருந்த நான்கு வருடத்தில் புக்கிட் செராயாவுக்குக் கிடைத்தவை மூன்று: ஒரு பஸ் நிலையம், நான்கு முகத்திலும் நான்கு நேரம் காட்டும் ஒரு மணிக்கூண்டு, ஒரு விதி. பஸ் இப்போது அங்கே நிற்பதில்லை. மணிக்கூண்டு ஓடுவதில்லை. விதி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த விதிக்குக் காரணம் அர்ச்சுனன் என்கிற மரப்பட்டறை முதலாளி. கழக உறுப்பினர். தன் பட்டறை சந்துக்குத் தன் பெயரையே வைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். பிச்சைமுத்துவுக்கும் அவருக்கும் ஆகாது. “உயிரோட இருக்கிறவன் பேர ரோட்டுக்கு வச்சா, அவன் நாளைக்கு என்ன செய்வான்னு யாருக்குத் தெரியும்? செத்தவன்தான் இனிமே தப்பு செய்ய மாட்டான்,” என்று கூட்டத்தில் பேசி, இறந்தவர்களின் பெயரை மட்டுமே சாலைக்கு வைக்கலாம் என்று விதியாக்கினார். மேசையைத் தட்டி வரவேற்றார்கள். கூட்டக் குறிப்பைத் தட்டச்சு செய்தவள் கெர்ட்ரூட். அர்ச்சுனன் அதன் பிறகு அவரோடு பேசவே இல்லை. அவர் இறந்து ஆறு வருடமாகிறது. சந்துக்கு அவர் பெயர் வந்து ஐந்து வருடமாகிறது.

ஆக, முன்னாள் என்று போட்டிருந்தால் அந்தப் பாரம் முதல் மேசையிலேயே திரும்பியிருக்கும். மெண்டியாங் என்று போட்டால் போய்க்கொண்டே இருக்கும். இறப்புச் சான்றிதழ் கேட்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றாது. அதுவும் கெர்ட்ரூட்டுக்குத் தெரியும். வாழ்நாளில் ஒரு சொல்லை வயிற்றில் வைத்திருந்து பழகாதவள், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு அதை அப்படியே அடித்துக் கொடுத்தாள். மனிதருக்கு ஒரு ரோடு கிடைக்கட்டுமே என்ற நல்லெண்ணம் பாதி. என்னதான் ஆகிறது பார்ப்போமே என்பது மீதி.

என்ன ஆகிறது என்பது அந்தச் சனிக்கிழமையே தெரிய ஆரம்பித்தது.

சாயங்காலம் பீடோரிலிருந்து அழைப்பு. பிச்சைமுத்துவின் ஒரே மகள் தினேஸ்வரிக்கும் பீடோர்ப் பையன் சுரேனுக்கும் ஆவணியில் கல்யாணம் பேசி முடித்திருந்தது. பலகையின் படம் எப்படியோ வாட்சாப்பில் பீடோர் வரைக்கும் போயிருந்தது. சுரேனின் அம்மா அழாத குறையாக, “சம்பந்தி தவறுனத எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலயே. ஒரு வருஷம் தள்ளி வச்சிக்கலாமா?” என்று கேட்டாள். பிச்சைமுத்து போனை வாங்கி, “நான்தாம்மா பேசுறேன்,” என்றார். அந்தப் பக்கம் போன் கீழே விழுந்த சத்தம் கெர்ட்ரூட்டுக்குக் கேட்கவில்லைதான்; ஆனால் விழுந்திருக்கும் என்று அவள் உறுதியாகச் சொல்கிறாள்.

“திங்கக்கெழம போயி அந்தச் சொல்ல அழிச்சிட்டு வாங்க,” என்றாள் மங்களம். அவளுக்கு அது ஒரு சொல்தான். அழித்தால் முடிந்தது.

திங்கட்கிழமை பிச்சைமுத்து கெர்ட்ரூட்டையும் அழைத்துக்கொண்டு போனார், உள்ளே ஆள் பழக்கம் அவளுக்குத்தான் என்று. கவுண்டரில் ஷர்மினி என்று ஒரு பெண். சின்ன வயது, நல்ல மாதிரி.

“என்ன விஷயம் அங்கிள்?”

“ரோட்டு பேரு ஒண்ணு திருத்தணும்.”

“மெண்டியாங் பிச்சைமுத்து. ஆங், போன மாசம் நாங்கதான் போட்டோம். நீங்க அவருக்கு என்ன வேணும்?”

“நான்தான் அவரு.”

ஷர்மினி கணினியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கெர்ட்ரூட்டையும் பார்த்தாள், இவராவது ஏதாவது சொல்லட்டும் என்பது போல. பிறகு உள்ளே போய்க் கோப்பை எடுத்துவந்து இரண்டு தாளைக் கவுண்டரில் விரித்தாள். ஒன்று விண்ணப்பப் பாரம். இன்னொன்று விதியின் பிரதி. கீழே தலைவரின் கையெழுத்து, பெரிய பி போட்டு, அடியில் ஒரு வீச்சு.

“இது நீங்க போட்ட கையெழுத்துதானே அங்கிள்?”

“ஆமாம்மா.”

“இதுல என்ன சொல்லியிருக்கீங்கன்னா…”

“தெரியும்.”

“நீங்க உயிரோட இருக்கீங்கன்னு ஒரு லெட்டர் கொடுத்தீங்கன்னா போர்ட எடுத்துருவாங்க. ஆனா பேரு முழுசாவே போயிரும். பழைய மாதிரி ஜாலான் செராயா ஏழுன்னு நம்பர்தான் வரும். சொல்ல மட்டும் அழிக்க முடியாது.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “நான் ஒண்ணு சொல்லட்டுமா? யாரும் கம்ப்ளைண்ட் பண்ணல. சும்மா விட்டுருங்களேன். இன்னும் கொஞ்ச நாள்ல எப்படியும்…”

அதற்கு மேல் அந்தப் பிள்ளைக்கு வாக்கியம் போகவில்லை. பிச்சைமுத்து கோபப்படவில்லை. விதியை மடக்கிக் கொடுத்துவிட்டு, விண்ணப்பப் பாரத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

காரில் பாதித் தூரம் வந்தாயிற்று. பிறகு, “அர்ச்சுனன் இருந்தா சிரிச்சிருப்பான்,” என்றார்.

“சிரிக்க மாட்டாரு வைபி,” என்றாள் கெர்ட்ரூட். “அவருக்குத்தான் ரோடு கெடச்சிருச்சே.”

அன்று மாலை சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது இவ்வளவுதான்.

“என்னாச்சு?”

“இருக்கட்டும் மங்களம். அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

“எது?”

“போர்டு. சொல்ல அழிச்சா பேரும் போயிரும்.”

 மங்களத்தின் வீட்டில் சத்தம் இல்லை என்றால் அது நல்லதற்கில்லை என்று வரிசைக்கே தெரியும். பிறகு அலமாரிக் கதவு திறக்கிற ஓசை.

“அப்ப நீங்க மெண்டியாங்காவே இருங்க. நான் தாலியும் பொட்டுமா இந்த வீட்டுல ஒரு செத்தவருக்குச் சோறு ஆக்கிப் போட மாட்டேன். நான் தஞ்சோங் ரம்புத்தான் போறேன்.”

எதிர்வீட்டில் யாரோ தும்முவது போலச் சிரித்தார்கள். தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கிற பெரிய மனநல மருத்துவமனையினால், பேராக் மாநிலத்தில் கோபத்தில் சொல்லக் கூடாத ஊர் அது. ஆனால் மங்களத்தின் தங்கை கலாதேவி வீடும் அங்கேதான் இருக்கிறது. அதற்கு அவள் என்ன செய்வாள். பை ஒன்று, குடை ஒன்று, ஊறுகாய்ப் போத்தல் ஒன்று. வாடகைக் கார் வந்தது, போய்விட்டாள்.

பிச்சைமுத்து மூன்று வாரம் தெருவோர ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் தின்றார். கெர்ட்ரூட் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு கிண்ணம் ரசம் சுவருக்கு மேல் நீட்டினாள். கிண்ணத்தைத் திரும்ப வாங்கும் சாக்கில் செய்தியும் வாங்கிக்கொண்டாள். தினேஸ்வரி கோலாலம்பூரிலிருந்து தினமும் போனில் அழுதாள். அப்பா உயிரோடுதான் இருக்கிறார் என்று மாப்பிள்ளை வீடு நம்பிவிட்டது. ஆனால் அம்மா ஏன் வீட்டை விட்டுப் போனாள் என்பது அவர்களுக்குப் புதுக் கவலை. பெற்றவர்கள் சேர்ந்து நின்று தாரை வார்க்காவிட்டால் என்ன கல்யாணம் என்று பீடோரில் கேட்டார்கள்.

“போயி அம்மாவக் கூட்டிட்டு வாங்கப்பா. ஒரு லெட்டர் கொடுத்தா முடியிற விஷயம்.”

“ம்,” என்பார்.

அவர் ஏன் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்பது கெர்ட்ரூட்டுக்குத் தெரியாமல் இல்லை. அந்த ரோடு ஓடுவது எந்த நிலத்தில் என்று பார்க்க வேண்டும்.

கில்டேர் தோட்டத்தில் பிறந்தவர் பிச்சைமுத்து. அப்பா ரப்பர்ப் பால் வெட்டினார், அம்மா புல் வெட்டினாள். அவர் சட்டமன்றத்தில் இருந்தபோது தோட்டம் கைமாறியது. ரப்பரை அழித்து வீடு கட்டப் போகிறோம் என்றார்கள். லயத்தில் நாற்பத்தெட்டு குடும்பம். அவர் ஒரு பீர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று, “ரெண்டே வருஷம். ரெண்டு வருஷத்துல ஆளுக்கொரு வீடு. என் பேர நம்புங்க,” என்றார். நம்பினார்கள். தற்காலிகம் என்று போட்ட தகரக் கொட்டகையில் பதினான்கு வருடம் இருந்தார்கள். நடுவில் அவருக்குத் தொகுதி போனது, தலைவர் பதவி வந்தது, அதுவும் போனது. சாவி கொடுத்த விழாவில் வேறு யாரோ ரிப்பன் வெட்டினார்கள். இவருக்கு அழைப்பு வரவில்லை.

இதில் கெர்ட்ரூட்டுக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு. பதவி போன பிறகு எட்டு வருடம், அவளுடைய சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்த கடிதங்கள் நாற்பத்தொன்று. நில அலுவலகத்துக்கு, மேம்பாட்டுக்காரருக்கு, மந்திரிக்கு, மறுபடியும் நில அலுவலகத்துக்கு. சாவி வந்தது அந்தக் கடிதங்களாலா, தானாக வந்ததா என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர் அதை மேடையில் சொல்லிக்கொண்டதில்லை. அரசியல்வாதிக்கு அது ஒரு அதிசயம்தான். அந்த வீடுகளின் முன்னால் தன் பெயர் நிற்க வேண்டும் என்று மட்டும் ஆசைப்பட்டார்.

நான்காவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, “கெர்ட்ரூட், ஒரு போட்டோ எடுக்கணும்,” என்று வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் பேனா, முடிக்குச் சாயம். பலகையை அவர் இன்னும் நேரில் பார்க்கவில்லை.

தாமான் சின்னதுதான். நான்கு வரிசை வீடு, ஒரு மாரியம்மன் கோயில், பின்னால் சுண்ணாம்பு மலை, மிச்சம் நின்ற ஏழெட்டு ரப்பர் மரம். பலகை முனையில் புதுசாகப் பளபளத்தது. பிச்சைமுத்து அதன் பக்கத்தில் போய் நின்று, சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். கெர்ட்ரூட் போனைத் தூக்கினாள். படத்துக்குள் ஒரு பழைய ஹோண்டா மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

ஓட்டிவந்தவர் இராமசாமி. எண்பது வயதிருக்கும், ஒரு காலத்தில் பிச்சைமுத்துவின் அப்பாவுக்கு அடுத்த நிரையில் பால் வெட்டியவர். தலைக்கவசத்தைக் கழற்றி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“யாரு, பிச்சையா?”

“ஆமாண்ணே. நல்லாருக்கீங்களா?”

“நான் இருக்கேன். நீ போயிட்டேன்னுல்ல சொன்னாங்க.”

“அது எழுத்துல வந்த தப்புண்ணே.”

இராமசாமி பலகையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்துக்காலில் போட்டார்.

“சீனிப் பய தாளு கொண்டாந்தான். எனக்கு மலாய் படிக்கத் தெரியாது. மருமவதான் படிச்சிட்டு, மாமா, அந்த வைபி செத்துட்டாராம், அவரு பேரு வைக்கப் போறாங்களாம்னு சொன்னுச்சு. இந்தத் தாமான்ல நாப்பத்தெட்டு வீடும் கையெழுத்து போட்டுச்சு தெரியுமா?”

“சீனி சொன்னான்.” பிச்சைமுத்துவின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

“செத்தவன் மேல என்னத்த வருத்தம், போட்டுடுவோம்னு போட்டோம்,” என்றார் இராமசாமி. “எம் பொண்டாட்டி அந்தத் தகரக் கொட்டாயிலதான் போனா. வீட்டு சாவிய அவ பாக்கல. ரெண்டு வருஷம் ரெண்டு வருஷம்னு ஒன் பேரச் சொல்லிட்டே கெடந்தா. ஆனா நீ செத்துட்டேன்னு கேட்டதும் அதெல்லாம் விட்டுப் போச்சு. பாவம், ஏதோ முடிஞ்சத செஞ்சான்னு நெனச்சேன்.”

“நான் உயிரோட இருக்கேண்ணே,” என்றார் பிச்சைமுத்து. மன்னிப்பு கேட்கிற குரலில் வந்தது.

“அதான் பாக்கிறேன்.” இராமசாமி யோசித்தார். அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கடையில் மாற்றிக் கொடுத்த சாமானைப் பார்ப்பது போலப் பார்த்தார். “நீ இருக்கேன்னு தெரிஞ்சிருந்தா, நான் போட்டிருக்க மாட்டேன்பா. இப்ப என்ன செய்யறது? கையெழுத்த திரும்ப வாங்க முடியாதுலா.”

பிறகு, “வீட்டுக்கு வா, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ,” என்றும் சொன்னார். உபசாரத்துக்குக் குறைவில்லை. பிச்சைமுத்து போகவில்லை.

கெர்ட்ரூட் போட்டோ எடுக்கவில்லை. இதை அவளே சொல்வதால் நம்பத்தான் வேண்டும்.

திரும்பி வரும் வழியில் சிம்பாங் பூலாய் விளக்கில் சிவப்பு விழுந்தது. “வீட்டுக்குப் போனதும் ஒரு லெட்டர் அடிக்கணும் கெர்ட்ரூட்,” என்றார். “நீங்க அடிச்சத நீங்கதான் மாத்தணும்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“கமாவுக்கு அப்புறம் ரெண்டு எடம் விடறது புக்கிட் செராயாவுலயே நீங்க ஒருத்தர்தான். கவுண்டர்லயே பாத்தேன்.”

“வைபி, நான் நல்லதுக்குத்தான்…”

“தெரியும். நான் அந்த விதியப் போட்டதும் நல்லதுக்குன்னுதான் எழுதி வச்சிருக்கு.”

பச்சை விழுந்தது. குனோங் ராபாட் வரைக்கும் கெர்ட்ரூட் வாயைத் திறக்கவில்லை. அப்படி ஒரு இருபது நிமிடம் அவள் வாழ்க்கையில் அதற்கு முன் இல்லை.

நாற்பத்திரண்டாவது கடிதம் அதே சாப்பாட்டு மேசையில் அடிக்கப்பட்டது. மலாயில் நாலே வரி. மேற்கண்ட பெயருக்குரியவர் இன்று வரை உயிருடன் இருக்கிறார் என்பதை இதன்வழி உறுதிப்படுத்துகிறேன். ஆகவே கழகத்தின் விதிப்படி அப்பெயரை நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கெர்ட்ரூட் கமாவுக்குப் பின் ஒரே ஒரு இடம் விட்டாள். அவர் கையெழுத்துப் போட்டார், பெரிய பி, அடியில் வீச்சு. அரசாங்கத்துக்கு அவர் அனுப்பிய கடிதங்களில் ஒரே வாரத்தில் பதில் வந்தது இது ஒன்றுக்குத்தான்.

மறுநாள் அவரே தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கார் ஓட்டிப் போய், கடிதத்தின் நகலை மங்களத்திடம் காட்டினார். அவள் அதைக் கலாதேவியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டாளாம். பிறகு, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாளாம். ஊறுகாய்ப் போத்தல் காலியாகத் திரும்பி வந்தது.

பலகை இறங்கி, ஜாலான் செராயா ஏழு ஏறியது. ஆனால் சீனி சொல்கிறான், தாமானில் யாரும் அந்த நம்பரைச் சொல்வதில்லையாம். இந்தச் சண்டை ஊர் முழுக்கப் பரவியதில் (எப்படிப் பரவியது என்று கெர்ட்ரூட்டைக் கேட்கக் கூடாது) அது ‘மெண்டியாங் ரோடு’ ஆகிவிட்டது. சாப்பாடு கொண்டுவருகிற மோட்டார் பையன்களும் அதைச் சொன்னால்தான் கண்டுபிடிக்கிறார்கள். பிச்சைமுத்துவின் பெயர் போய்விட்டது. பெயருக்கு முன்னால் இருந்த சொல் தங்கிவிட்டது. இறக்கிய பலகையைச் சீனி வாங்கிப் போய், சாக்கில் சுற்றி வீட்டில் வைத்திருக்கிறான். “எப்படியும் ஒருநாளு தேவப்படும்லா,” என்று கெர்ட்ரூட்டிடம் மட்டும் சொன்னான். அதை மட்டும் அவள் மங்களத்திடம் சொல்லவில்லை. கலாதேவியிடம் சொன்னாள்.

தினேஸ்வரிக்கும் சுரேனுக்கும் ஆவணியில் பீடோர்க் கோயிலில் கல்யாணம் நடந்தது. பிச்சைமுத்துவும் மங்களமும் சேர்ந்து நின்று தாரை வார்த்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா கைகொடுக்கிற சாக்கில் பிச்சைமுத்துவின் மணிக்கட்டைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்துப் பார்த்தார். பத்திரிகையில் அவர் பெயருக்கு முன்னால் ஒரு பட்டமும் இல்லை. இராமசாமி மருமகளோடு வந்து, சாப்பிட்டு, மொய் எழுதி, அவரிடம் பேசாமல் போனார். வந்ததே பெரிது.

பொண்ணும் மாப்பிள்ளையும் பூச்சோங்கில் வீடு எடுத்தார்கள். அடுத்த வருடம் பேரப்பிள்ளை வரப்போகிறது என்றதும் பெரியவர்களும் குனோங் ராபாட் வீட்டை விற்றுவிட்டு அங்கேயே போய்விட்டார்கள். பூச்சோங்கில் அவரை யாரும் வைபி என்று கூப்பிடுவதில்லையாம், அங்கிள் என்கிறார்களாம். மங்களம் மட்டும் கீழ்வீட்டுக்காரியிடம் மேயர் என்று ஆரம்பித்திருக்கிறாள். ஷர்மினி தைப்பிங்குக்குக் கல்யாணமாகிப் போய்விட்டாள்.

அந்தக் குனோங் ராபாட் வீட்டை ஒரு சீனக் குடும்பம் வாங்கியிருக்கிறது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் நல்ல தொண்டை. சனிக்கிழமை காலையிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். என்ன பிரயோஜனம், எல்லாம் காண்டனீஸ் சீனம். கெர்ட்ரூட் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றியபடி காய்கறி வண்டிக்காரனிடம் கற்றுக்கொண்டிருக்கிறாள். இதுவரை பன்னிரண்டு சொல் ஆகியிருக்கிறது, பாதி வசவு.